கரிசல் மண்ணிலிருந்து கொற்கைக் கரைக்கு: கடலும் தொல்லிடங்களும் சேர்ந்த மூன்று நாள் பயணம்

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். வேன் பிடித்து வெள்ளெனப் போய், கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, சாமி கும்பிட்டுப் பொழுதடைய வீடு வந்து சேர்வது வழக்கம். அந்த வழியில் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் ஊர்ப் பலகைகளில் ஆதிச்சநல்லூர் ஒன்று. கொஞ்சம் விலகிப் போனால் கொற்கை, பழைய காயல். இரும்புக் கால இடுகாடு, பாண்டியரின் முத்துத் துறைமுகம், மார்க்கோ போலோ எழுதி வைத்த பட்டினம் ஆகிய மூன்றும் திருச்செந்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். கடலையும் இவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்பும் குடும்பத்துக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

கடலும் இடிபாடும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு உலகம் காட்டும் ஊர் மெக்ஸிகோவின் துலும். மாயா மக்கள் கட்டிய, மதில் சூழ்ந்த துறைமுக நகர் அது. 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்தது. பாறை விளிம்பில் கோயில் நிற்கிறது, கீழே கரீபியன் கடல் அலையடிக்கிறது, பார்த்து முடித்தவர்கள் குளிக்க இறங்குகிறார்கள். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கொற்கைக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே வாழையும் வயலும் குளமுமே கண்ணில் படும். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. நிமிர்ந்து நிற்கும் இடிபாட்டைக் கடலோரத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மாமல்லபுரத்துக்கோ, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கோ போவது நல்லது. நம் கரையில் பார்க்க வேண்டியது வேறு: கடல் விலக விலகத் துறைமுகமும் அதன் பின்னாலேயே இடம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றத்தை வரிசை தப்பாமல் பின்தொடர்வதுதான் இங்கே தரும் திட்டம்.

துறைமுகம் நடந்த வழி

புறப்படும் முன் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். மூன்று நாளும் இதுதான் கைப்பிடி. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி வண்டலை வாரிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது. கரை மேடாகிறது, கடல் பின்வாங்குகிறது. சங்க இலக்கியம் பாடிய கொற்கை ஒரு காலத்தில் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்தது. கிரேக்க, ரோமானியப் பயண நூல்கள் ‘கொல்கை’ என்று குறித்த துறைமுகமும் இதுவே. வண்டல் சேர்ந்து கப்பல் நுழைய முடியாமல் போனபோது வணிகம் கடலை நோக்கி நகர்ந்து காயலில் நின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தது இந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஆற்று முகத்துவாரத்துப் புன்னைக்காயலும், பிறகு தூத்துக்குடியும் மேலெழுந்தன. இன்றைய வ.உ.சி. துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமானது. பாதிரியார் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, ஆறு கொண்டுவந்த மண்ணே இந்த இடமாற்றத்துக்குக் காரணம் என்று எழுதிவிட்டார்.

ஆகவே பயணமும் ஆறு ஓடும் திசையில் போகட்டும்: அருங்காட்சியகம், ஆதிச்சநல்லூர், கொற்கை, கடல். திருச்செந்தூரில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் கொற்கையை எட்டிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால், களைத்த பிள்ளைகள் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டார்கள்.

எந்த மாதம் போகலாம்

முதல் தேர்வு, பொங்கல் கழிந்ததிலிருந்து மாசி முடிய. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்து கையில் காசும் இருக்கும். இதில் தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் சாலை நெடுகிலும் இருக்கும். இரவில் வண்டி ஓட்டுவது அவர்களுக்கும் உங்களுக்கும் ஆபத்து.

இரண்டாவது தேர்வு, ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். ஆடிக் காற்று தணிந்திருக்கும், மழை பிடித்திருக்காது, காலாண்டு விடுமுறையும் அப்போது வரும். நவராத்திரி தொடங்கிவிட்டால் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டிய பக்தர்கள் அந்த வட்டாரம் முழுக்க நிறைந்துவிடுவார்கள். அதைப் பார்ப்பதே நோக்கம் என்றால் போகலாம்; அமைதியான கடற்கரை வேண்டும் என்றால் தேதியை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டதும், ஏரல் முழுகியதும் பலருக்கு நினைவிருக்கும். நீங்கள் போகப்போகும் பாதை அப்படியே அந்த வெள்ளத்தின் பாதை. அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்றால், ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் திருச்செந்தூரில் அறை கிடைப்பது அரிது. ஒரு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், பங்குனி உத்திரம், ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா நாட்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் பலரும் அப்போதே கிளம்புகிறார்கள். போங்கள், ஆனால் திறந்தவெளியில் காலை ஒன்பதுக்கு மேல், மாலை நான்குக்கு முன் நிற்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக் காலம். நாட்டுப் படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். கடல் மீன் சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வண்டி, ரயில், தங்கல்

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் வேன் லாபம். வாடகை பேசும்போதே டிரைவர் பேட்டா, சாலைப்புதூர் சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘திருச்செந்தூர் ரெண்டு நாள்’ என்று மட்டும் பேசிவிட்டு, நடுவழியில் கொற்கைக்குத் திருப்பச் சொன்னால் தகராறு வரும். போகும் ஊர்களை ஒரு தாளில் எழுதி டிரைவரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

பேருந்தில் போவோர் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டிக்கு மாற வேண்டும். விரைவு வண்டிகள் ஆதிச்சநல்லூரில் நிற்காமல் போகலாம். ஏறும்போதே நடத்துநரைக் கேளுங்கள். ரயிலில் என்றால் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இறங்கி ஆதிச்சநல்லூருக்கு ஆட்டோ பிடிக்கலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேனைவிட இந்த ரயில் சுகம். ஆற்றங்கரை வயலும் வாழையும் கூடவே வரும்.

தங்குவதற்குத் திருச்செந்தூரையே இரண்டு இரவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைத் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்காது. தேவஸ்தான விடுதி, தனியார் லாட்ஜ் இரண்டும் உண்டு. கோயில் வாசலில் அறை வேண்டும் என்று அடம் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளி எடுத்தால் வாடகை குறையும், விடிய விடிய ஒலிபெருக்கிச் சத்தமும் இருக்காது.

ஒத்திகைக்குக் கழுகுமலை

பயணத்துக்கு முந்தின வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கழுகுமலைக்கு ஒதுக்குங்கள். கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தான். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலைப் பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியது. விமானத்தில் சிற்பம் குலுங்குகிறது. அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. அருகிலேயே பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்துப் பொறிப்புகள்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முடியாத வேலையைப் பார்த்து ‘எங்கே தொடங்கியிருப்பான், எங்கே நிறுத்தியிருப்பான்’ என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டால், தரைக்குள் கிடக்கும் ஆதிச்சநல்லூரும் அவர்களிடம் பேசும். பாறை வெயிலில் சுடும். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

முதல் நாள்: மலையடிவாரம் முதல் கொற்கை வரை

காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியை விட்டால், கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடத்தில் பத்து நிமிடம் இறங்கலாம். 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர் இது. காலைச் சாப்பாட்டைத் திருநெல்வேலியில் முடித்துக்கொண்டு ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் உள்ள பொருநை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய மூன்று அகழாய்வுகளின் பொருட்களும் இங்கே உள்ளன. மண்ணில் பார்க்க முடியாததை இங்கே பார்த்துவிட்டுப் போனால்தான் மண் புரியும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை; வெள்ளியா செவ்வாயா என்பது இடத்துக்கு இடம் மாறும். முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிவகளைப் பகுதியில் நேரம் செலவிடுங்கள். அங்கே தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே ஊரில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோகும் ஆய்வறிக்கை 2025 ஜனவரியில் வெளியானது. இந்தப் பழமை குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த விவாதத்தையே வண்டியில் பேச்சாக்கலாம்.

உச்சி வெயில் அருங்காட்சியகத்திலேயே கழிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில், விளைச்சலுக்கு உதவாத மேட்டு நிலம். உள்ளூரில் ‘பரம்பு’ என்பார்கள். சுமார் 114 ஏக்கர். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள், நெல், சிறுதானிய உமி எல்லாம் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004–05இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தது. 2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகத்தில், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் நடந்துகொண்டே காலடியில் தாழியைப் பார்க்கலாம்.

சின்னப் பிள்ளைகள் ‘இது சுடுகாடா?’ என்று கேட்பார்கள். ஆமாம் என்றே சொல்லுங்கள். விளையும் நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஓலமிட்டு ஓடாமல், தாழியின் மேல் உட்கார்ந்து படம் எடுக்காமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

நான்கு மணிக்கு ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கை. முன்பே சொன்னபடி, கட்டடம் எதையும் தேடாதீர்கள். ஊருக்குள் மிகப் பழைய வன்னி மரம் ஒன்று சாய்ந்து கிடந்தபடியே தழைத்து நிற்கிறது. ஈராயிரம் ஆண்டு மரம் என்பது ஊரார் நம்பிக்கை. அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலும், வெற்றிவேல் அம்மன் கோயிலும் பார்க்க வேண்டியவை. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். பாண்டியரின் நாணயச்சாலை இருந்த ஊர் என்பதற்கு அந்தப் பெயரே தடயமாக நிற்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று கணித்தார்கள். 2021இலும் அகழாய்வு நடந்தது. செங்கல் கட்டுமானமும் சங்கு அறுத்த துண்டுகளும் கிடைத்தன.

பிறகு கிழக்கே பார்த்து வண்டியை விடுங்கள். கொற்கையிலிருந்து கடலை எட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரம் முழுக்க ஓடும் நிலம் ஆறு கொண்டுவந்து போட்ட மண். முதல் நாள் பயணத்தின் சாரம் அதுதான். ஆறரை மணிக்குள் திருச்செந்தூர் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: அலை, தேரி, மணப்பாடு

கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழுவான். ஐந்தரை மணிக்குக் கரையில் இருங்கள். குளித்துவிட்டு நாழிக்கிணறு. கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் நல்ல தண்ணீர் ஊறும் சிறு கிணறு அது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் இப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை; அறையிலேயே வைத்துவிட்டு, பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி, சேலை, தாவணி, சுடிதார் போன்ற உடைகள் தொல்லையில்லாதவை. மதியம் முழுக்க உறக்கம்.

மூன்றரை மணிக்குக் காயாமொழி வழியாகத் தேரிக்குக் கிளம்புங்கள். கரிசல் மண்ணிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்தச் செம்மணல் மேடு கண்ணை அகல வைக்கும். கயத்தாற்றில் காற்றாலையைச் சுழற்றும் அதே மேற்குக் காற்றுதான் இங்கே செம்மண் துகளை வாரிக் குவித்து, மேட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது பனையும் முந்திரியும் மணலை ஓரளவு பிடித்து வைத்திருக்கின்றன. மணலில் வண்டியை இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் உள்ளே நடக்காதீர்கள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தெரிவதால் வழி தவறுவது எளிது.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கூடவே கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அந்தக் குறியீட்டை 2020இல் பெற்றது என்று விற்பவரிடம் பெருமை பேசிக்கொள்ளலாம். கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சீனி கலந்தது பளபளவென்று மின்னும், ஒரே இனிப்பாக இருக்கும்.

ஐந்து மணிக்கு மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே 1542இல் வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, அதனுள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு. குன்றின் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் கழிமுகம். கழிமுகப் பக்கம் மேற்கே திறந்திருப்பதால் கிழக்குக் கரையிலேயே தண்ணீருக்கு மேல் அந்தியையும் பார்க்கும் வாய்ப்பு இங்கே உண்டு. அலைச்சறுக்கு விளையாட வெளியூர் இளைஞர்கள் வருவதும் இங்கேதான். கரையில் காயும் வலை மேல் மிதிக்காதீர்கள், படகில் ஏறிப் படம் எடுக்கும் முன் உரியவரைக் கேளுங்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு முந்தின பத்து நாள் ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும்.

திரும்பும் வழியில் குலசேகரப்பட்டினம். ஒரு காலத்தில் தோணித்துறை. இன்று இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய இடம். கப்பலுக்கு உதவாமல் போன கரைக்கு வேறு வேலை வந்திருக்கிறது.

மூன்றாம் நாள்: காயல் வழியே வீடு

அறையைக் காலி செய்துவிட்டு ஏழு மணிக்குள் காயல்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுங்கள். திருச்செந்தூர்க் கூட்டத்தின் சுவடே இல்லாத, விரிந்த மணற்கரை. பழைய பள்ளிவாசல்கள் நிறைந்த, அரபு வணிகத் தொடர்பு நீண்ட ஊர் இது. தெருக்களில் நடக்கும்போது உடையிலும் படம் எடுப்பதிலும் அடக்கம் வேண்டும்.

அங்கிருந்து ஆத்தூர் பாலம் தாண்டிப் பழைய காயல். மார்க்கோ போலோ கண்ட காயல் இதுதான் என்று கால்டுவெல் சொன்னதைப் பின்னால் வந்தோரும் ஏற்றார்கள். அவர் இங்கே சீனப் பீங்கான் ஓடுகளைப் பொறுக்கினார். இன்று ஊர் அமைதியாகக் கிடக்கிறது. கால் மணி நேரம் போதும். நேரம் இருந்தால் முகத்துவாரத்துப் புன்னைக்காயலுக்கும் போய்வாருங்கள். 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற தமிழ் நூல் இங்கே அச்சேறியது என்று அச்சு வரலாறு எழுதியோர் பலர் கருதுகிறார்கள்.

உப்பளங்களை இருபுறமும் பார்த்தபடி தூத்துக்குடி. பனிமய மாதா பேராலயம், முத்துநகர் கடற்கரை, மதியச் சாப்பாடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி. ‘தீவுக்குக் கூட்டிப் போகிறேன்’ என்று யாராவது தனியாகப் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் போவது குற்றம்.

திரும்பும் வழியில் பாஞ்சாலங்குறிச்சி. இப்போது நிற்பது 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை 1801 போருக்குப் பின் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். அதன் அடித்தள மிச்சம் அருகிலேயே இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். எட்டயபுரத்தில் 1882இல் பாரதி பிறந்த வீட்டையும், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் சமாதியையும் பார்த்துவிட்டால் கோவில்பட்டி கால் மணி தூரம்.

கடலில் இறங்கும்போது

கிணற்றிலும் கண்மாயிலும் நீச்சல் பழகியவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. நம் கிணற்றுத் தண்ணீர் அசையாது. கடல் கால் மணலையே உருவிக்கொண்டு போகும். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகு கரை ஏறுங்கள்.

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சில அடிகள் உள்வாங்கிப் பாசி படிந்த பாறை தெரிவது வழக்கமான காட்சி. அந்தப் பாறையில் நடந்தால் வழுக்கி விழுவீர்கள். நில அதிர்வை உணர்ந்த பின் கடல் விலகினால் அது வேறு சங்கதி; உடனே மேட்டுக்கு ஓடுங்கள். கோடையில் தொலைதூரக் கடலில் கிளம்பி வரும் ‘கள்ளக்கடல்’ அலைக்கு அரசு முன்னெச்சரிக்கை தரும். அன்று காற்று இல்லாமல் வானம் தெளிவாக இருந்தாலும் இறங்கக் கூடாது.

சொறிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் அலசி, மருத்துவரிடம் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093.

சாப்பாடும் மூட்டையும்

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். புளிச்சோறும் காணத் துவையலும் சாயங்காலம் வரை கெடாது. ஆதிச்சநல்லூர், கொற்கைப் பக்கம் பெரிய ஓட்டல் கிடையாது. தேரிப் பக்கம் பங்குனி முதல் பதநீரும் நுங்கும் கிடைக்கும்; பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும். தூத்துக்குடியில் மக்ரூன் வாங்காமல் வராதீர்கள். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அது ஈரக்காற்று பட்டால் இளகிவிடும்; காற்றுப் புகாத டப்பா கொண்டுபோங்கள்.

ஆளுக்கு இரண்டு செட் நனையும் துணி, ஈரத்துணிக்குத் தனிப் பை, தொப்பி அல்லது துண்டு, பிடிமானமுள்ள செருப்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பெரியவர்களின் மாத்திரை, டார்ச். இவ்வளவு போதும்.

எடுத்துக்கொண்டு வரக்கூடாதவையும் உண்டு. தொல்லிடத்தில் ஓட்டுச் சில் கிடந்தாலும் பொறுக்காதீர்கள். கிடந்த இடம்தான் அதன் வரலாறு. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை விலை கொடுத்து வாங்கினாலும் வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால்

தீப்பெட்டி ஆபீஸ், மில், கடை என்று வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று நாள் விடுப்பு எளிதில் வாய்க்காது. அப்போது தேரி, மணப்பாடு, தூத்துக்குடி, திருச்செந்தூர்த் தரிசனம் எல்லாவற்றையும் இன்னொரு முறைக்கு ஒதுக்கிவிடுங்கள். வெள்ளென ஐந்து மணிக்குக் கிளம்பி, நேரே ஆதிச்சநல்லூர். திறக்கும் நேரத்துக்கு அங்கே இருங்கள். பதினொரு மணிக்குக் கொற்கை. மதியம் ஏரலில் சாப்பாடும் கோயில் மண்டப நிழலும். மூன்றரை மணிக்குக் காயல்பட்டினம் கடற்கரை, ஆறு வரை அலை. இருட்டும்போது தூத்துக்குடி வழியாகத் திரும்பினால் பத்து மணிக்குள் வீடு. கோயில் வரிசையில் நிற்க வேண்டிய அரை நாள் மிச்சமாவதால்தான் இத்தனையும் ஒரே நாளில் முடிகிறது. ‘செந்தூர் வரை போய்ச் சாமி கும்பிடாமலா?’ என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால், இதைப் புறப்படும் முன்பே அவர்களிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் நின்று பேசினால் திட்டம் கலைந்துவிடும்.